பள்ளிக்கூடத்தில் குளிர்பானம் விற்கலாமா?

பள்ளிக் கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை, சத்துணவுக்கூடம் ஆகியவற்றைப் பற்றிப் பல ஊர்க் கிராம சபைகளில் விவாதம் நிகழ்வதுண்டு. ஆனால் பள்ளி வாயிலில் விற்பனையாகும் குளிர்பானத்தைப் பற்றி விவாதித்த ஊர்கள் மிகச் சிலவே. "பத்து ரூபாய் விஷயம்; பிள்ளைகள் ஆசைப்பட்டுக் குடிக்கின்றன; இதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை?" என்று கேட்போர் உளர். அக்கேள்விக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். இதனைக் கிராம சபையிலும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும், மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் படித்து விவாதிக்கலாம்.

முதலில், குளிர்பானம் என்று எதனைக் குறிக்கிறோம் என்பதைத் தெளிவு செய்துகொள்வோம். நம் ஊர்களில் 'கலர்' என்று வழங்கும் வண்ணச் சோடாக்கள், கறுப்பு நிறக் கோலாக்கள், அட்டைப் பெட்டியிலும் பாட்டிலிலும் வரும் மாம்பழப் பானங்கள், அண்மைக் காலத்தில் இளைஞரிடையே பரவியுள்ள 'எனர்ஜி' பானங்கள் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். வாயு கலந்ததாயினும் கலவாததாயினும், சர்க்கரை சேர்த்து இனிப்பூட்டி அடைத்து விற்கப்படும் பானம் யாவும் இங்கே ஒன்றாகவே கொள்ளப்படுகிறது.

பானம் பள்ளிக்குள் வரும் வழிகள்

குளிர்பானம் மாணவரின் கைக்கு மூன்று வழிகளில் வருகிறது.

முதல் வழி, பள்ளியே நடத்தும் அல்லது குத்தகைக்கு விடும் சிற்றுண்டிச்சாலை. இது பெரும்பாலும் பெரிய மேல்நிலைப் பள்ளிகளிலும் தனியார் பள்ளிகளிலும் காணப்படுவது. இரண்டாவது, வாயிலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடை. சிறு கிராமங்களில் இதுவே முக்கியமான வழி. மூன்றாவது வழியை நாம் கவனிப்பதே இல்லை. சுதந்திர தினத்தன்றும், ஆண்டு விழாவன்றும், விளையாட்டுப் போட்டி முடிந்த மாலையிலும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாட்டில் வழங்குகிறோமே, அது. அந்தச் செலவைப் பல வேளைகளில் ஊர்ப் பெரியவர்களே மனமுவந்து ஏற்கிறார்கள். ஆசிரியர் கையால் பரிசாகப் பெற்ற பொருள் தீமை தரும் என்று எந்தக் குழந்தையும் எண்ணாது.

ஆகவே பள்ளியில் விற்பதா என்னும் கேள்வி, சிற்றுண்டிச்சாலையோடு முடிவதில்லை. வாயிற்கடையும் விழா மேடையும் அதற்குள் அடக்கம்.

ஒரு பாட்டிலில் உள்ள சர்க்கரை

கடைகளில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் 200 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமான கோலா பானத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10½ கிராம் சர்க்கரை உள்ளது. எனவே இச்சிறு பாட்டிலில் 21 கிராம் சர்க்கரை இருக்கும். தேக்கரண்டி ஒன்றுக்கு 4 கிராம் என்று கணக்கிட்டால் இது 5 தேக்கரண்டிக்குச் சற்று அதிகம். ஒரு குவளைக் காப்பியில் இவ்வளவு சர்க்கரையைப் போட்டால் நம்மில் எவரும் அதைக் குடிக்கமாட்டோம். பானம் குளிர்ச்சியாக இருப்பதாலும், அதில் சேர்த்த அமிலத்தின் புளிப்பாலும், வாயுவின் சுறுசுறுப்பாலும் அவ்வினிப்பு நாவுக்கு முழுமையாகத் தெரிவதில்லை.

இதனை ஒரு குழந்தையின் தேவையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 7 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,700 கலோரி ஆற்றல் தேவை. ஒருவருடைய மொத்த ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பின் மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. தேன், பாகு, பிழிந்த பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையும் இக்கணக்கில் சேரும். 1,700 கலோரியில் 5 சதவீதம் என்பது 85 கலோரி. அதாவது 21 கிராம் சர்க்கரை. பத்து ரூபாய்ப் பாட்டில் ஒன்றே அந்த அளவு முழுவதையும் தீர்த்துவிடுகிறது. காலையில் அருந்திய தேநீரிலும், மாலையில் தின்னும் மிட்டாயிலும், வீட்டுப் பலகாரத்திலும் உள்ள சர்க்கரை இதற்கு மேற்பட்டது.

பாட்டிலின் புறத்தே அச்சிட்டுள்ள அட்டவணையில் இவ்விவரம் உண்டு. எழுத்துகள் சிறியவை, பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆயினும் 100 மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்று குறித்துள்ள சர்க்கரை அளவைப் பாட்டிலின் கொள்ளளவுக்குப் பெருக்கி, வந்ததை 4-ஆல் வகுத்தால் தேக்கரண்டிக் கணக்கு கிடைக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு இது. இதனையே கணித வகுப்பில் ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். மாணவர் உண்ணும் பொருள்களில் உள்ள சர்க்கரையின் அளவைக் காட்டும் பலகையைப் பள்ளிகளில் வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில் தன் கீழுள்ள பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. அத்தகைய பலகையை நம் ஊர்ப் பள்ளியிலும் வைப்பதற்கு ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும்.

உடலில் விளையும் கேடு

சர்க்கரைப் பானத்தால் உடல் எடை கூடுகிறது என்பது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 548 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவில், நாள்தோறும் அருந்தும் பானத்தின் அளவு ஒரு குவளை கூடும்போது உடற்பருமன் ஏற்படும் வாய்ப்பும் கூடுவதாகக் கண்டனர். நெதர்லாந்தில் 641 குழந்தைகளைக் கொண்டு 18 மாதங்கள் நடத்திய சோதனை 2012-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 250 மில்லிலிட்டர் சர்க்கரைப் பானமும், மற்றொரு பகுதியினருக்கு அதே சுவையுள்ள சர்க்கரையற்ற பானமும் அளித்தனர். யாருக்கு எது என்பது குழந்தைகளுக்குத் தெரியாது. சர்க்கரைப் பானம் பெற்றவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் சராசரியாக ஒரு கிலோ அதிகமாக எடை கூடியிருந்தனர்.

"நம் கிராமத்துப் பிள்ளைகள் மெலிந்தவர்கள், சிறிது எடை கூடினால் நல்லதுதானே?" என்று சிலர் கேட்கக்கூடும். மெலிந்த குழந்தைக்கு வேண்டியவை புரதமும், இரும்புச்சத்தும், உயிர்ச்சத்துகளும் ஆகும். இவற்றுள் ஒன்றும் குளிர்பானத்தில் இல்லை. பகல் பதினொரு மணிக்கு ஒரு பாட்டில் குடித்த குழந்தைக்குச் சத்துணவு நேரத்தில் பசி மந்தமாகிவிடும். தட்டில் உள்ள முட்டையும் பருப்பும் மீதமாகும். 2019–21-இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேர் இரத்தச்சோகை உள்ளவர்கள். இவ்வாறு குறையோடு பள்ளிக்கு வரும் குழந்தையின் வயிற்றில் வெறும் இனிப்பு நீருக்கு ஒதுக்க இடமில்லை.

பல்லின் கேடு மற்றொன்று. பானத்தில் உள்ள அமிலம் பல்லின் மேலுறையை இளக்குகிறது. வாயில் தங்கும் சர்க்கரையை நுண்கிருமிகள் மேலும் அமிலமாக மாற்றுகின்றன. சொத்தைப் பல் வலியால் வகுப்பில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் எவ்வாறு ஏறும்? சர்க்கரையற்றது என்று சொல்லி விற்கப்படும் பானங்களிலும் இவ்வமிலம் உண்டு.

எனர்ஜி பானங்களைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். இவற்றில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம் என்பது இந்திய விதி. குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் உகந்ததன்று என்று அப்பாட்டிலின் மேலேயே அச்சிட வேண்டும் என்பதும் விதியே. அவ்வெச்சரிக்கையைப் படிக்காமல் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதனை விற்பது எவ்வகையிலும் தகாது.

நீரிழிவு நோய் இன்று நகரத்தோடு நிற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோய் உடையவர் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேருக்கு மேல் இந்நோய் இருப்பதாக அதே ஆய்வு கூறுகிறது. இனிப்பு நீரால் தாகம் தணிக்கும் பழக்கம் இளமையில் வேரூன்றிவிட்டால், பின்னர் அதனைக் களைவது எளிதன்று.

விற்றுப் பார்த்த பள்ளிகளின் அனுபவம்

பள்ளியே குளிர்பானம் விற்றால் என்ன நேரும் என்பதை அமெரிக்க நாடு அனுபவித்து அறிந்திருக்கிறது. 1990-களில் அந்நாட்டுப் பள்ளி நிர்வாகங்கள் பல, பணமுடை காரணமாகக் குளிர்பான நிறுவனங்களோடு நீண்டகால ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. பள்ளி வளாகத்தில் ஒரே நிறுவனத்தின் பானங்களை மட்டும் விற்பது, அதற்கு ஈடாக நிறுவனம் பள்ளிக்குப் பணம் தருவது என்பது ஏற்பாடு.

கொலராடோ மாநிலத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரப் பள்ளி நிர்வாகம் ஒன்று 1997-இல் கோக்கோ கோலா நிறுவனத்தோடு பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. முதல் மூன்று ஆண்டுகளுள் ஓராண்டிலேனும் 70,000 பெட்டிகள் விற்பனையாக வேண்டும் என்பது நிபந்தனை. விற்பனை போதாமற்போகவே, 1998-இல் நிர்வாக அலுவலர் ஒருவர் தலைமையாசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். மாணவர்கள் நாள் முழுவதும் எளிதில் அணுகக்கூடிய இடங்களில் விற்பனை இயந்திரங்களை வைக்கவேண்டும் என்றும், வகுப்பறைக்குள் பானம் அருந்த அனுமதிப்பதைப் பற்றிச் சிந்திக்கவேண்டும் என்றும் அக்கடிதம் கூறியது. பிள்ளைகளுக்கு நல்வழி காட்டவேண்டிய தலைமையாசிரியர் விற்பனை முகவராகிவிட்டார். பணம் கொடுப்பவன் காரியத்தையும் நடத்துவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பின்னர் நிலைமை மாறியது. லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி வாரியம் 2002-இல் முடிவு செய்து, 2004 ஜனவரி முதல் தன் பள்ளிகளில் இப்பானங்களின் விற்பனையை நிறுத்தியது. பிரான்சு நாடு 2005 செப்டம்பர் முதல் பள்ளிகளிலிருந்து விற்பனை இயந்திரங்களை அகற்றியது. 2006-இல் பெரிய குளிர்பான நிறுவனங்களே அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து சர்க்கரை மிகுந்த பானங்களை விலக்கிக்கொள்ள இசைந்தன. மெக்சிகோவில் 2025 மார்ச் மாதம் முதல் பள்ளிகளில் இவற்றை விற்பதற்குத் தடை நடைமுறைக்கு வந்தது.

எனினும் இவ்வனுபவத்தில் மற்றொரு பாடமும் உண்டு. அமெரிக்காவின் 40 மாநிலங்களில் பள்ளி மாணவரிடையே நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சோடாவை மட்டும் தடுத்த மாநிலங்களில் மாணவர்கள் பள்ளிக்குள் வேறு இனிப்புப் பானங்களை வாங்கினர் என்று கண்டனர். எல்லா இனிப்புப் பானங்களையும் தடுத்த மாநிலங்களில் பள்ளிக்குள் வாங்குவது குறைந்தது. ஆனால் பள்ளியிலும் வெளியிலுமாக அவர்கள் குடித்த மொத்த அளவு குறையவில்லை. மதிலுக்கு வெளியே அதே பானம் கிடைத்தது என்பதே காரணம். பள்ளியின் விதி மதிலோடு முடிந்துவிடும். மதிலுக்கு அப்பால் உள்ள தெரு பஞ்சாயத்தினுடையது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் இப்பிரச்சினை முதன்முதலில் பெரிதாக எழுந்தது சர்க்கரையின் பொருட்டன்று. 2003-இலும் 2006-இலும் தில்லியைச் சார்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக அறிவித்தது. அதன்பின் 2006 ஆகஸ்டில் குஜராத், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் முதலிய மாநிலங்கள் கல்விக்கூடங்களில் விற்பனையைத் தடுத்தன. கேரளம் மாநிலம் முழுவதும் தடை விதித்தது. அத்தடையை அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் நீக்கியது. எச்சம் அடியோடு நீங்கிய பானத்திலும் சர்க்கரை அப்படியே இருக்கும். ஆதலால் பள்ளித் தடைக்கு உறுதியான அடிப்படை சர்க்கரைதான்.

பள்ளிக் குழந்தைகளின் உணவு குறித்து 2010-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு 2015-இல் முடிவுற்றது. அதன் தொடர்ச்சியாக, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் தனி விதிமுறைகளை வெளியிட்டது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை ஆகியவை மிகுந்த உணவுப் பொருள்களைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் விடுதியிலும் விற்கக்கூடாது. பள்ளியைச் சுற்றி 50 மீட்டர் தொலைவுக்குள் மாணவர்க்கு விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. இலவசமாக வழங்குவதும் கூடாது என்பது அவ்விதிகளின் சாரம். குளிர்பானத்தின் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையிலிருந்தே வருவதால் அது இவ்வகையைச் சேர்ந்ததே.

ஆகவே 'விற்கலாமா?' என்னும் கேள்விக்குச் சட்டம் விடை கூறிவிட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் உள்ள 50 மீட்டரை நம் தெருவில் அளந்து காட்ட ஆள் வேண்டும். புகையிலைப் பொருள்களைக் கல்விக்கூடத்துக்கு 100 கெஜத் தொலைவுக்குள் விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அது நடைமுறையில் உள்ள ஊர்களைப் பார்த்தால், அங்கே பஞ்சாயத்தும் தலைமையாசிரியரும் ஒத்துழைத்திருப்பது தெரியும்.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

*1. பள்ளிக்கு வருமானம் வேண்டாமா?* ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 பேர் படிக்கும் பள்ளியில் நாளொன்றுக்கு 100 பேர் பத்து ரூபாய்ப் பாட்டில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,000 ரூபாய். 200 வேலை நாள்களில் 2,00,000 ரூபாய். பாட்டிலுக்கு ஒரு ரூபாய் பள்ளிக்குக் கிடைப்பதாகக் கொண்டால் வருமானம் 20,000 ரூபாய். இதனைப் பெறுவதற்காக அவ்வூர்ப் பெற்றோரின் மடியிலிருந்து இரண்டு இலட்சம் ரூபாய் வெளியேறுகிறது. உடன் 100 குழந்தைகளின் உடலில் நான்கு குவிண்டாலுக்கு மேற்பட்ட சர்க்கரை சேர்கிறது. பள்ளிக்கு உண்மையாகவே 20,000 ரூபாய் தேவையெனில், அதனைப் பெற்றோரிடம் நேரே கேட்டு வாங்குவது பத்து மடங்கு மலிவு.

*2. கடைக்காரரின் பிழைப்பு என்னாவது?* இஃது அலட்சியம் செய்யத்தக்கதன்று. பள்ளி வாயிலில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் பலர் வயதானவர்கள். கணவரை இழந்த பெண்கள். அவர்களைப் பகைத்துக்கொள்வதும், கடையை அகற்றுவதும் நோக்கமாகக் கூடா. கடை இருக்கலாம், விற்கும் பொருள் மாறவேண்டும். வேர்க்கடலை, சுண்டல், கொய்யா, வாழைப்பழம், நெல்லிக்காய், வெள்ளரி, நுங்கு, நீர்மோர் ஆகியவற்றை விற்கலாம். இவற்றை அவ்வூர் விவசாயியிடமே வாங்கலாம். மாற்றத்துக்கு ஒரு பருவகாலம் அவகாசம் தந்து, முதல் சரக்கு வாங்கச் சுய உதவிக் குழுவின் வழியே சிறு கடன் ஏற்பாடு செய்தால், பகை உண்டாகாது.

*3. கரும்பும் மாம்பழமும் விளைவிக்கும் விவசாயிக்கு நஷ்டம் இல்லையா?* கரும்புச் சாகுபடியாளரும், கிருஷ்ணகிரிப் பகுதி மாம்பழச் சாகுபடியாளரும் இவ்வாறு கேட்பது இயல்பே. ஆனால் 'பழப் பானம்' என்று விற்பதற்கு அதில் பழச்சாறு 10 சதவீதம் இருந்தாலே போதும் என்பது விதி. எலுமிச்சையாயின் 5 சதவீதம் போதும். மீதி பெரும்பாலும் நீரும் சர்க்கரையுமே. பள்ளிப் பிள்ளை பத்து ரூபாய்க்கு மாம்பழமே வாங்கித் தின்றால், பழத்தின் முழு விலையும் தோட்டக்காரருக்கும் சிறு வியாபாரிக்கும் சேரும். நார்ச்சத்தும் உயிர்ச்சத்தும் குழந்தைக்குச் சேரும். கரும்பு விவசாயியின் வருமானம் ஆலையின் கட்டுமானத்தையும் அரசாங்கம் வகுக்கும் விலையையும் பொறுத்தது. பள்ளிக் குழந்தைகள் குடிக்கும் பாட்டில்களை நம்பி அவர் கரும்பு நடவில்லை.

*4. நம் நாட்டுக் கலரை விற்கலாமே?* 2017 ஜனவரியில் நிகழ்ந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் 2017 மார்ச் முதல் தேதியிலிருந்து முடிவு செய்ததை யாவரும் அறிவர். அதனால் உள்நாட்டுக் கலர்களுக்கு ஆதரவு பெருகியது. தொழில் என்னும் வகையில் அது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் குழந்தையின் குடல் சர்க்கரையின் ஊரைக் கேட்பதில்லை. கரும்புச் சாறு, பதநீர், வெல்லம் மிகுந்த பானகம் ஆகியவையும் இனிப்பு மிகுந்தவையே. விழாக் காலத்தில் அருந்தலாம். அன்றாடத் தாகத்துக்கு உரியவை அல்ல.

தடைக்குத் துணை தண்ணீர்

குழந்தை ஏன் குளிர்பானத்தைத் தேடுகிறது? இனிப்பின் ஆசை ஒரு காரணம். பள்ளித் தண்ணீர் குடிக்கும்படியாக இல்லை என்பது மற்றொரு காரணம். வெயிலில் காய்ந்த தொட்டியிலிருந்து வரும் வெந்நீரையும், உப்புக் கரிக்கும் நீரையும், பாசி படிந்த குழாயையும் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளை கடையை நோக்கிச் செல்வதில் வியப்பில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருந்தமையால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது. இத்தகைய பகுதிகளில், குழாய் நீர் எந்த ஆதாரத்திலிருந்து பள்ளிக்கு வருகிறது என்பதைப் பஞ்சாயத்து நன்கு அறிந்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் டார்ட்மண்ட், எஸ்ஸன் ஆகிய இரு நகரங்களில் 32 தொடக்கப் பள்ளிகளைக் கொண்டு செய்த சோதனை ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. சில பள்ளிகளில் நல்ல குடிநீர்க் குழாய் அமைத்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்து, தண்ணீரின் சிறப்பைப் பற்றிச் சில பாடங்களும் நடத்தினர். ஓராண்டு முடிவில் அப்பள்ளிகளின் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு குவளைக்கு மேல் கூடுதலாக நீர் அருந்தினர். மிகை எடை ஏற்படும் அபாயம் மற்றப் பள்ளிகளைவிட 31 சதவீதம் குறைந்திருந்தது என்று 2009-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. ஆனால் அவர்கள் இனிப்புப் பானம் குடிப்பது மட்டும் அதனால் குறையவில்லை. எனவே தண்ணீர் ஏற்பாடும் விற்பனைத் தடையும் ஒன்றுக்கொன்று துணையாக நடைபெறவேண்டும்.

நம் ஊர்களில் இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வாய்மூடியும் அடிப்பக்கக் குழாயும் உள்ள மண்பானைகளை வகுப்புக்கு ஒன்றாக நிழலில் வைத்தால் போதும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டு செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. காற்றில் ஈரம் குறைந்த கோடைப் பகலில் இக்குளிர்ச்சி மிகும். இதனால் ஊர்க் குயவருக்கும் தொழில் கிடைக்கும். பானையை நாள்தோறும் கவிழ்த்துக் கழுவுவதும், குளோரின் கலந்த நீரையே நிரப்புவதும் தவறக்கூடாது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும். இதனைச் சிறு சோதனைக் கருவியால் பள்ளியிலேயே அறியலாம்.

தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் முறையைக் கேரளப் பள்ளிகள் 2019-இல் மேற்கொண்டன. 2025-இல் தமிழ்நாட்டிலும் பள்ளிகளில் இம்முறை தொடங்கியது. மணி அடிப்பதோடு, அந்நேரத்தில் பானையில் நீர் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

மற்றொரு செய்தியையும் கூறாமல் விடலாகாது. பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருந்தால் பெண் குழந்தைகள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பர். காலை முதல் மாலை வரை நாவறண்டு இருந்துவிட்டு, பள்ளி விட்டதும் கடையில் ஒரு பாட்டிலை ஒரே மூச்சில் குடிக்கும் சிறுமியைக் குறை கூறிப் பயனில்லை. கழிப்பறையைச் சீர்செய்வதும் குளிர்பானத்தைக் குறைக்கும் முயற்சியின் ஒரு பகுதியே.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

1. பள்ளி வாயிலிலிருந்து நாற்புறமும் 50 மீட்டர் அளந்து, அந்த எல்லைக்குள் உள்ள கடைகளைக் கணக்கெடுத்தல். கடைக்காரர்களை அழைத்து விதியை எடுத்துச் சொல்லி, மாற்றுப் பொருள்களுக்கு வழி காட்டுதல்.

2. மார்ச் 22-ஆம் நாள் உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் பள்ளிக் குடிநீரைத் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளுதல். தொட்டி கழுவிய நாளையும் நீர் சோதித்த முடிவையும் பள்ளிச் சுவரில் எழுதி வைக்கச் செய்தல்.

3. பஞ்சாயத்துச் செலவிலோ நன்கொடையிலோ நடைபெறும் பள்ளி விழாக்களில் குளிர்பானம் வழங்குவதில்லை என்று தீர்மானித்தல். நீர்மோரோ, இளநீரோ, பழமோ வழங்கலாம். நீர்மோரைக் கிராமப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே பெறலாமா என்று ஆராய்தல்.

4. பள்ளிச் சுவரிலும் அதன் எதிர்ச் சுவரிலும் குளிர்பான விளம்பரம் எழுத இடம் தராதிருத்தல். நிறுவனம் இலவசமாகச் சுண்ணாம்பு அடித்துத் தருவதாகச் சொன்னாலும் இசையக்கூடாது.

5. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அக்குழுக் கூட்டத்தில் சர்க்கரைக் கணக்கை விளக்கி, வீட்டிலும் இப்பானங்களை அன்றாடம் வாங்குவதில்லை என்னும் உடன்பாட்டை உண்டாக்குதல்.

6. பலமுறை எடுத்துச் சொல்லியும் மீறுவோர் இருப்பின், வட்டாரத்திலுள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் அறிவித்தல். முதல் நாளே புகார் எழுதுவதைவிட, இரண்டு முறை நேரில் சென்று பேசுவது கிராமத்துக்கு உகந்த முறை.

பசித்த பிள்ளைக்குப் பள்ளியில் உணவளிக்கும் அறத்தை நம் மாநிலம் 1956-இல் பெருமளவில் மேற்கொண்டது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. மூன்று தலைமுறையாக அரசாங்கமும் மக்களும் பொருளும் உழைப்பும் கொடுத்து அக்குழந்தைகளின் தட்டை நிரப்பியிருக்கிறார்கள். அதே வாயிலில் பத்து ரூபாய்க்குப் பசியைக் கெடுக்கும் பானம் விற்பனையாவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது நம் செலவை நாமே வீணாக்குவதாகும். ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல நீரைக் கொடுப்பது பஞ்சாயத்தின் முதற்கடமைகளுள் ஒன்று. அக்கடமையைச் செவ்வனே செய்த ஊரில் மற்றது எளிதில் கைகூடும்.

விவாதத்துக்குரிய வினாக்கள்

1. நம் பள்ளியின் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் எத்தனை கடைகள் உள்ளன? அவற்றில் பிள்ளைகள் மிகுதியாக வாங்குவது எது?

2. சென்ற ஆண்டு பள்ளி விழாக்களில் பிள்ளைகளுக்கு என்ன பானம் வழங்கினோம்? அதற்கு எவ்வளவு செலவாயிற்று?

3. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக் குழாயைத் திறந்தால், அதில் வரும் நீரை நாம் குடிப்போமா?

4. கடைக்காரர் ஒருவர் குளிர்பானத்தை விட்டுவிட இசைந்தால், அவருடைய வருமானக் குறைவை ஈடுசெய்ய நம் ஊரில் விளையும் எந்தப் பொருள் உதவும்?